பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் ஒரு மீற்றர்

சரக்குக் கொள்வனவு செய்யும்போது எமது வியாபாரிகளுக்கு இருக்கும் நிதானம் வேறு எவருக்கும் வராது. ஒரு மூடை மிளகு வாங்குவதென்றாலும் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்போம். ஈரமா, தூசியா, நிறை சரியா என்று பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் எம்மில் இல்லை. ஆனால் அதே மிளகை ஏற்றிவரும் வேன் வழியில் நின்றுவிட்டால் அந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது. கராஜில் ஒருவர் "கொயில் போயிருக்கும்" என்றதும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புகிறோம். போய்த்தான் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பவர் மிகக் குறைவு.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் எங்களிடமிருந்த வேன்களும் சிறிய லொறிகளும் ஐந்து வயது கூடிவிட்டன. 2022 இல் ரூபா விழுந்தபோது, 200 இற்குச் சற்று மேலிருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ஐயும் தாண்டியது. அதன்பின் உதிரிப்பாகங்களின் விலை என்ன ஆனது என்பதை வாகனம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "மாற்றிப் பார்ப்போம்" என்ற பழைய வழக்கம் பாகங்கள் மலிவாக இருந்த காலத்தில் எப்படியோ தாங்கியது. இன்று அது வியாபாரத்தின் இலாபத்தையே தின்றுவிடும்.

எனவே பெற்றோல் வேன் வைத்துத் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் மல்டிமீற்றர் ஒன்றை வாங்கி டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனது கருத்து. பாஸின் வேலையை நாம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. பணத்தை வெளியே எடுக்குமுன் ஓர் இலக்கத்தையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். டீசல் வாகனத்திலும் பட்டரி, ஏர்த் பற்றிக் கீழே சொல்பவை பொருந்தும். ஆனால் டீசல் எஞ்சினில் பிளக் நெருப்பு கிடையாது என்பதால் மற்றவை அதற்கு இல்லை.

அண்மையில் எமது விநியோக வேனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். டிஸ்ரிபியூட்டர் உள்ள பழைய டவுன் ஏஸ், பெற்றோல் வண்டி. சாரதி வந்து, "நானா, காலையில நல்லா ஓடுது. பகலாகிச் சூடேறினா மிஸ் அடிக்குது, கடுகண்ணாவ ஏத்தத்தில நிண்டே போச்சு" என்றார். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் ஆகுமாம். கராஜில் முதலில் கொயில் மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் அதே கதை. அடுத்து இக்னைட்டர். பிறகு பிளக்கும் பிளக் வயர்களும். மூன்றாம் முறை, "டிஸ்ரிபியூட்டரையே மாத்திடுவோம் முதலாளி, ஜப்பான் பழசு ஒண்டு இருக்கு" என்றார்கள். அத்தோடு நான் வண்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

அன்று பின்னேரமே, எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தோம். பட்டரி முனைகளில் 14.0 வோல்ட். ஓடும் எஞ்சினுக்கு 13.8 இலிருந்து 14.4 வரை என்பது நல்ல கணக்கு; ஆகவே ஓல்டர்னேட்டரில் குறையில்லை. கொயிலின் பிளஸ் முனையில் 11.1 வோல்ட். பட்டரிக்கும் கொயிலுக்கும் இடையில் 2.9 வோல்ட் காணாமல் போயிருந்தது. கல்லாப்பெட்டியில் காசு குறைந்தால் எந்தக் கையில் குறைந்தது என்று பார்ப்பதைப் போலத்தான் இதையும் பார்க்க வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையைச் சாவிச் சுவிட்சுக்குள் கரண்ட் நுழையும் இடத்திலும் வைத்தோம்: 0.1 வோல்ட். சுவிட்சுக்குள் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் வைத்தோம்: 2.6. சுவிட்சிலிருந்து கொயில் வரை: 0.2. மூன்றையும் கூட்டினால் 2.9 சரியாக வருகிறது. குற்றவாளி சாவிக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச் தட்டு. உள்ளே இருந்த செப்புத் தொடுமுனை கறுத்து எரிந்திருந்தது. கராஜில் மாற்றிய பாகங்களில் எதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சூடேறினால் மட்டும் ஏன் நின்றது என்று கேட்கலாம். எரிந்த தொடுமுனையில் கரண்ட் ஓட ஓட அது சூடாகும். சூடாக ஆக அதன் தடை கூடும். கொயிலுக்குப் போகும் வோல்ட் இன்னும் குறையும். கொயில் சேமிக்கும் சக்தி கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. 13.7 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 11.1 கிடைத்தால் குறைவு ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் நெருப்பின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏற்றத்தில் எக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவைப்படுகிறது. தேவை கூடும் அதே நேரத்தில் வரவு குறைகிறது. சமதரையில் ஓடிய வண்டி கடுகண்ணாவையில் நின்றதற்குக் காரணம் அதுவே.

சாவியை மட்டும் போட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் அளந்திருந்தால் அதே கொயில் முனை 12.4 காட்டியிருக்கும். எல்லோரும், "கரண்ட் வருது, அப்ப கொயில்தான்" என்று முடிவு கட்டியிருப்பார்கள். மல்டிமீற்றர் தான் அளக்கும் வயரிலிருந்து எடுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சிய வயரும், வேலை இல்லாதபோது மீற்றருக்கு முழு 12 வோல்ட்டையும் காட்டும். கடன் கேட்காதவரை எல்லோரும் பணக்காரர்தான் என்பது போன்ற கதை. வயர் வேலை செய்துகொண்டிருக்கும்போது, அதாவது கரண்ட் ஓடும்போது, இரு முனைகளுக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்பதே உண்மையான சோதனை. நல்ல வயரிலும் நல்ல சுவிட்சிலும் அது 0.2 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த இடத்தைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். இந்த ஒரு சோதனையை எமது கராஜ்களில் பத்துப் பேரும் பழகிவிட்டால் எத்தனையோ நல்ல கொயில்கள் குப்பைக்குப் போகாது.

இதில் ஒரு குறுக்குவழி சிலரிடம் உண்டு. சுவிட்சில் குறை என்று தெரிந்ததும், பட்டரியிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்துக் கொயிலில் கொடுத்து, இடையில் ஒரு விளக்குச் சுவிட்சை வைத்துவிடுவார்கள். பியூஸும் இருக்காது. தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த வயர் எங்காவது உராய்ந்து உடம்பில் பட்டால் வண்டியோடு சரக்கும் எரியும். சுவிட்சை மறந்து விட்டுவிட்டால் சில வகைக் கொயில்கள் நின்ற இடத்திலேயே சூடாகி வெடிக்கும்.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் கொயிலுக்குப் போகுமுன் பட்டரியைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பட்டரி. 12.2 என்றால் பாதி. 12 இற்குக் கீழே என்றால் அதை நம்பி வேறு எதையும் அளப்பதில் பயனில்லை, முதலில் சார்ஜ் பண்ண வேண்டும். பிறகு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாருங்கள்; 9.6 இற்குக் கீழே விழக் கூடாது. கியர் நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் சாரம், சட்டைக் கை எதுவும் தொங்காமல் இதைச் செய்யுங்கள். அதே நேரத்தில் எஞ்சினின் இரும்புக்கும் பட்டரி மைனஸுக்கும் இடையில் ஓர் அளவெடுத்தால் ஏர்த் வயரின் நிலைமையும் தெரிந்துவிடும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் பட்டியைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். அதற்குச் செலவு ஓர் உப்புத்தாள் துண்டு.

கொயிலை அளப்பதென்றால் சாவியை எடுத்து, வயர்களைக் கழற்றிவிட்டு ஓமில் அளக்க வேண்டும். பழைய கொயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கிடையில் வகையைப் பொறுத்து அரை ஓமிலிருந்து மூன்று ஓம் வரை இருக்கும். சிறிய முனைக்கும் நடுவிலுள்ள பெரிய முனைக்கும் இடையில் சில ஆயிரம் ஓமிலிருந்து பதினையாயிரம் ஓம் வரை இருக்கலாம். சரியான எண் அந்தந்த வாகனத்தின் வேர்க்ஷொப் புத்தகத்தில் இருக்கிறது, அதைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இவ்வளவு சிறிய ஓமை அளக்கும்போது மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அதன் சொந்த வயர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து அதைக் கழித்துவிடுங்கள். தராசில் வெறும் தட்டின் நிறையைக் கழிப்பது எமக்குப் புதிதா என்ன? பிளக் வயரில் கார்பன் வகைக்கு ஒவ்வொன்றும் சில ஆயிரம் ஓம் காட்டும். பல டொயோட்டா புத்தகங்கள் ஒரு வயருக்கு 25,000 ஓம் வரை அனுமதிக்கின்றன. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காட்டினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது மீற்றர் சொல்லாததையும் சொல்லிவிட வேண்டும். ஓம் பார்க்கும்போது மீற்றர் கொடுப்பது ஓரிரு வோல்ட். கொயில் வேலை செய்வதோ பல்லாயிரம் வோல்ட்டில். உள்ளே காப்பு வெடித்து, அழுத்தம் வந்தால் மட்டும் நெருப்பு வேறு பக்கம் பாயும் கொயில் ஓமில் அழகாகத் தேறிவிடும். ஆகவே ஓம் தவறினால் கொயில் கெட்டது என்று சொல்லலாம். ஓம் சரி என்றால் கொயில் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. சூடேறினால் மட்டும் குறை காட்டும் கொயிலைச் சூட்டோடு அளக்க வேண்டும், ஆறவிட்டு அளந்து பயனில்லை. அத்துடன் மலிவு மீற்றர்கள் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவைதான் இலக்கத்தை மாற்றும்; கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போகும் குறையை அவை காணா.

புதிய வண்டிகளில் நிலைமை வேறு. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில், அதற்குள்ளேயே இக்னைட்டர். நான்கு முனை உள்ள அவ்வகைக் கொயிலை ஓமில் அளந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சாவி போட்டு, கொயிலின் கனெக்டரைக் கழற்றி, ஒரு முனையில் 12 வோல்ட் வருகிறதா, இன்னொன்றில் ஏர்த் இருக்கிறதா என்று பார்ப்பதோடு மீற்றரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மிஸ் அடிக்கும் சிலிண்டரின் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டுங்கள். குறையும் கூடவே போனால் கொயில். குறை பழைய இடத்திலேயே நின்றால் பிளக், வயர், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். ஸ்கேனர் போட்டு பி0351 என்று வந்ததும் "கம்பியூட்டரே சொல்லுது, கொயில்" என்பார்கள். அந்த இலக்கம் முதலாவது கொயிலின் சுற்றில் குறை என்று மட்டுமே சொல்கிறது. கனெக்டரும், வயரும், அதில் கூடுகட்டிய எறும்பும் அந்தச் சுற்றுக்குள் அடக்கம்.

மீற்றர் வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். இலத்திரனியல் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மீற்றரே இவ்வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஆனால் அதில் 10 அம்பியர் என்று எழுதிய துளைக்குப் பல மீற்றர்களில் பியூஸ் கிடையாது. சிவப்பு வயரை அந்தத் துளையில் விட்டு பட்டரியில் வைத்தால் வயர் எரியும், கையும் எரியும். ஓம் அளக்கும்போது இடது பக்கத்தில் தனியாக 1 என்று நின்றால் அது ஒரு ஓம் என்று அர்த்தமில்லை. அளவு எல்லையைத் தாண்டிவிட்டது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பட்டரி இறங்கினால் மலிவு மீற்றர்கள் வோல்ட்டைக் கூட்டிக் காட்டும். சார்ஜ் இல்லாத பட்டரியை நல்ல பட்டரி என்று காட்டித் தரும். ஓடும் எஞ்சினில் பிளக் வயர்ப் பக்கம் மீற்றரைக் கொண்டுபோகவே கூடாது. கொயிலின் மைனஸ் முனையிலும், முச்சக்கரவண்டிகளின் சீ.டி.ஐ. வயரிலும் சில நூறு வோல்ட் துள்ளும், அங்கே 20 வோல்ட் அளவில் வைத்தால் மீற்றர் போய்விடும். ஹைபிரிட் வண்டிகளில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயிருக்கே ஆபத்து. அவற்றுக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கலாம். "மாற்றிப் பார்ப்போம்" என்ற வழக்கத்துக்குக் கராஜ்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மேற்சொன்ன வேனில் சுவிட்சைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. மாற்றிய பாகமோ சிறியது. அதற்கு ஒரு பாஸ் நியாயமான கூலி கேட்டால் எமது வாயில் வருவது என்ன? "ஒரு சுவிட்சுத் தானே போட்டீங்க, இதுக்கா இவ்வளவு?" என்பதுதான். அதே ஆள் ஐந்து பாகங்களை மாற்றிவிட்டு ஐந்து பெட்டிகளையும் காட்டினால் பேசாமல் கொடுத்துவிடுகிறோம். தேடுவதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்கு மட்டும் கூலி என்று நாங்களே விலை வைத்துவிட்டோம். அப்படியிருக்கும்போது அவர் ஏன் தேட வேண்டும்? வைத்தியரிடம் போய் மருந்துக்கு மட்டும் காசு தருவேன், நாடி பிடித்ததற்குத் தரமாட்டேன் என்று எவரும் சொல்வதில்லை.

மீற்றரோடு போய் பாஸின் முன்னால் நிற்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "உனக்குத் தெரியாது, நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்ற தோரணையில் போனால், "அப்ப நீங்களே செஞ்சு கொள்ளுங்க" என்று வரும், அதில் பிழையுமில்லை. நாம் எடுத்த இலக்கத்தை மட்டும் சொன்னால் போதும். பட்டரியில் 14, கொயிலில் 11, இடையில் எங்கே போகிறது என்று பாருங்கள் என்றால், வேலை தெரிந்த பாஸ் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். வேலை தெரியாதவர் கொயில் விலை சொல்வார். இரண்டையும் அறிய எமக்கு ஐந்து நிமிடம் போதும்.

உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். மின்சாரப் பாகங்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பலகை தொங்கவிடுவதன் நியாயம் எனக்கு விளங்குகிறது. எங்கோ தவறாகப் பூட்டி எரித்துவிட்டு வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய கொயில் ஒன்றை விற்கும்போது, கவுண்டரிலேயே வாங்குபவரின் கண்முன் ஒரு தடவை அளந்து, அந்த ஓம் இலக்கத்தைப் பில்லிலும் எழுதிக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம் கூடப் போகாது. ஓமில் தேறாத கொயில் அங்கேயே ஒதுக்கப்படும். குறையைச் சொல்லி விற்கும் வியாபாரம் எமக்குக் கற்றுத் தரப்பட்டதுதானே. பிறகு பிரச்சினை வந்தாலும், விற்கும்போது என்ன நிலைமை என்பதற்கு இரு தரப்பிடமும் எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கும்.

எமது வேன்களுக்கு இப்போது நான் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். குறையொன்று வந்தால் முதலில் பரிசோதனைக் கூலி என்று தனியாகப் பேசிக்கொள்வது. குறை என்ன, எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஓம் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தால் அந்தக் கூலி உடனே கொடுக்கப்படும், பாகம் எங்களிடம் வாங்கினாலும் அவர்களிடம் வாங்கினாலும் சரி. முதலில் கேட்ட இரண்டு கராஜ்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாமவர், வயரிங் வேலை மட்டும் செய்யும் வயதானவர், துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்படி யாரும் கேட்டதில்ல முதலாளி" என்று மீற்றரைத் தேடி உள்ளே போனார்.